கான்வேயின் வாழ்க்கையில் காணாமல் போன இரண்டு அத்தியாயங்கள்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர்கள், அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை வெளியிட்டுவரும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு பதிப்பகத்துக்கு 160 பக்கத்தில் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்தேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். என் வழக்கு அவர்கள் ஒருவரோடு மட்டும் இல்லை. நூல், மான்க்யூர் டேனியல் கான்வே என்ற 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கரைப் பற்றியது. அடிமை ஒழிப்புக்காகப் பேசியவர், பாதிரியாராக இருந்து பாதிரி வேலையை விட்டு வெகுதூரம் போனவர், பிறகு, அமெரிக்கப் புரட்சிக்காகப் பேனா பிடித்த தாமஸ் பெயினின் வாழ்க்கையை எழுதியவர். மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் திருத்தத் தரும் படி, வந்தது. பார்த்தால் 2ஆம் அத்தியாயத்தையும் 9ஆம் அத்தியாயத்தையும் காணவில்லை. பக்க எண்கள் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தன.

போன் செய்து கேட்டேன். "சார், அட்டையில அடிமை ஒழிப்புப் போராளின்னு போடறோம். உள்ள போனா, அவரே சின்ன வயசுல அடிமை முறைக்கு ஆதரவா எழுதினார்னு வருது. படிக்கிற பிள்ளைங்க குழம்பிடும். அப்புறம் அந்த லண்டன் விவகாரம் வேற. அது எதுக்கு சார், செத்துப்போன மனுஷன் பேரைக் கெடுத்துக்கிட்டு?" என்றார் ஆசிரியர். அதோடு, கான்வே அடையாறுக்கு வந்துபோனதைப் பற்றி நான் எழுதியிருந்த மூன்று பத்தியை ஒரு முழு அத்தியாயமாக விரித்துத் தர முடியுமா என்றும் கேட்டார். "சென்னை வருதுல்ல சார்."

நல்ல மனிதர். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. திட்டி வெட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு விட்டிருப்பேன். மரியாதை காரணமாக வெட்டியிருக்கிறார். உங்களில் பலரும் அதே மரியாதையோடுதான் வெட்டுகிறீர்கள். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 2ஆம் அத்தியாயம்.

கான்வே 1832ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று வர்ஜீனியாவில், ராப்பஹான்னக் ஆற்றங்கரையில் உள்ள ஃபால்மத் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வசதியானவர், ஊரில் நீதிபதி, அடிமைகளை வைத்திருந்தவர். அம்மா வழியில் பார்த்தால் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட தாமஸ் ஸ்டோன் முன்னோர். அதே அம்மா வழி உறவில் பீட்டர் டேனியல் என்றொரு உச்ச நீதிமன்ற நீதிபதியும் உண்டு. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது என்று 1857இல் வந்த டிரெட் ஸ்காட் தீர்ப்பில், பெரும்பான்மையோடு நின்றவர் அவர். ஒரே வீட்டுக் கூடத்தில் இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம். மாட்டியவர்களுக்கு அதில் எந்த முரணும் தெரிந்திருக்காது.

பென்சில்வேனியாவில் டிக்கின்சன் கல்லூரிப் படிப்பை முடிக்கும்போது கான்வேக்கு 17 வயது. அதன் பின் சட்டம் படித்துக்கொண்டே, தன் உறவினர் ஆசிரியராக இருந்த ரிச்மண்ட் பத்திரிகைக்கு எழுதினார். அப்போது அவர், அடிமை முறையை விடாத தென்மாநிலங்களின் பக்கம். கறுப்பின மக்கள் வேறு வகை உயிரினம் என்று அன்றைய அறிவியலாளர்கள் சிலர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். சுதந்திரப் பிரகடனம் சொல்கிற 'மனிதர்' என்ற சொல்லுக்குள் அவர்கள் வரமாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார். இதை எதிரிகள் யாரும் தோண்டி எடுக்கவில்லை. 1904இல், 72ஆம் வயதில், தன் வாழ்க்கை வரலாற்றை இரண்டு தொகுதியாக எழுதினாரே, அதில் அவரே உட்கார்ந்து எழுதி வைத்த விஷயம். அவர் மறைக்காததை நாம் மறைக்கிறோம். யாருக்காக?

அவர் மாறிய விதமும் அட்டைப்பட வாசகத்துக்கு ஒத்துவராது. ஒரே இரவில் கண் திறந்ததாக ஒரு காட்சி கிடையாது. 1851இல் மெத்தடிஸ்ட் சபைப் போதகராகக் குதிரையில் மேரிலாந்து கிராமங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே சேண்டி ஸ்பிரிங் என்ற இடத்தில் அடிமை முறையை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையினர் குடியிருந்தார்கள். அந்த ஊருக்குள் நுழைந்தாலே வயலும் வேலியும் வீடும் பளிச்சென்று இருக்கும். எல்லையைத் தாண்டினால் அதே மண், அதே மழை, ஆனால் பாழடைந்த பண்ணைகள். என்ன காரணம் என்று அங்கிருந்த முதியவர் ஒருவரிடம் கேட்டார். எங்களிடம் வேலை செய்கிறவர்களுக்குக் கூலி கொடுக்கிறோம், ஒருவேளை அதுதானோ என்னவோ என்கிற தோரணையில் பதில் வந்தது. அவ்வளவுதான். பிரசங்கம் இல்லை. வயலைப் பார்த்து, கூலிக் கணக்கைக் கேட்டு, பையன் யோசிக்க ஆரம்பித்தான். அதே ஆண்டு, கான்கார்டில் இருந்த சிந்தனையாளர் எமர்சனுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. 1853இல் ஹார்வர்டு இறையியல் பள்ளியில் சேர்ந்தார்.

அந்தக் கோடையில் கான்கார்ட் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஊர் எழுத்தாளர் தோரோவுக்கும் கான்வேக்கும் அப்போதுதான் பழக்கம். ஒரு நாள் காலை தோரோவின் வீட்டுக்குப் போனால் வீடே பரபரப்பாக இருக்கிறது. தெற்கிலிருந்து தப்பி வந்த ஒரு கறுப்பின மனிதர் விடியற்காலையில் வாசலில் வந்து மயங்கி விழுந்திருக்கிறார். கான்வேயைத் தோரோ உள்ளே அழைத்துப் போகிறார். பார்த்தால், தன் ஊர்ப் பக்கம் அடிமையாகப் பார்த்துப் பழகிய முகம்! அந்த மனிதருக்கும் கான்வேயைத் தெரிகிறது. பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நடுங்குகிறார். நானும் அந்த அடிமைத்தனத்திலிருந்து வேறு விதமாகத் தப்பி வந்தவன்தான் என்று சொல்லி அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. அப்புறம் தோரோ அவருக்குச் சாப்பாடு கொடுத்ததையும், வீங்கிப்போன கால்களைக் கழுவிவிட்டதையும், ஓய்வைத் தவிர வேறெதையும் நினைக்கவிடாமல் பார்த்துக்கொண்டதையும் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் 3ஆம் அத்தியாயத்தில் இது இருக்கிறது, மெய்ப்பிலும் இருந்தது. ஆனால் 2ஆம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் இந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம்? அந்த மனிதர் ஏன் நடுங்கினார்? கான்வேயின் முகம் எஜமானர் வீட்டு முகம் என்பதால். இரண்டே ஆண்டுக்கு முன்னால் பார்த்திருந்தால் நடுங்கியதில் நியாயமும் இருந்திருக்கும். அது தெரியாத வாசகருக்கு, ஒரு நல்லவர் இன்னொரு நல்லவர் வீட்டுக்குப் போய்வந்த கதையாகத்தான் இது மிஞ்சும்.

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1854இல், தப்பி வந்த ஆண்டனி பர்ன்ஸ் என்பவரை பாஸ்டனில் பிடித்து, படை பட்டாளத்தோடு திருப்பி அனுப்பினார்கள். அவரும் கான்வேயின் சொந்த வட்டாரத்துக்காரர். ஜூலை 4 அன்று ஃபிரேமிங்ஹாமில் நடந்த கூட்டத்தில் அடிமை ஒழிப்பு இயக்கத் தலைவர் காரிசன் அரசியலமைப்புச் சட்டத்தின் படியையே கொளுத்தினார். அந்த மேடையில் வர்ஜீனியாக்காரராகக் கான்வேயும் பேசினார். அதன் பிறகு சொந்த ஊருக்குப் போனபோது, கூடப் படித்த பையன்களே தெருவில் சூழ்ந்துகொண்டு ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். வாஷிங்டனில் யூனிட்டேரியன் சபையில் போதகர் வேலை கிடைத்தது. அடிமை முறையை எதிர்த்துப் பிரசங்கம் செய்ததற்காக 1856இல் அதுவும் போனது. சின்சினாட்டி சபை அவரை எடுத்துக்கொண்டது. ஒஹையோ ஆற்றின் இந்தக் கரை சுதந்திர மாநிலம், அந்தக் கரையில் கென்டக்கி, அடிமை மாநிலம். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும், 'வர்ஜீனியாவில் பிறந்த ஒருவர்' என்று மட்டும் போட்டு ஒரு நூலை வெளியிட்டார். மறு ஆண்டு ஜனவரியில் லிங்கனையே நேரில் பார்த்து, அடிமைகளை உடனே விடுவியுங்கள் என்று கேட்டார். அவருடைய தம்பிகள் இருவர் எதிர்ப்பக்கப் படையில் இருந்தார்கள்.

இப்போது 1862 ஜூலை. உங்கள் பின்னட்டையில் 'முப்பதுக்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்தவர்' என்று அச்சாகியிருக்கிறதே, அந்த நிகழ்ச்சி. நான் அப்படி எழுதவில்லை. அவர் விடுவிக்கவில்லை. வடக்குப் படை ஃபால்மத்தை நெருங்கியதும், கான்வே அப்பாவின் அடிமைகள் தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள். டன்மோர் குவின், எலைசா குவின் என்ற கணவன் மனைவியும் அவர்களில் உண்டு. குழந்தை குட்டிகளோடு வாஷிங்டன் பக்கம் வந்து சேர்ந்துவிட்டார்கள். கான்வே செய்தி கேள்விப்பட்டு ஓடிப்போய் ஜார்ஜ்டவுனில் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். சிறுவயதில் தன்னை வளர்த்தவர்கள் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களை ஒஹையோ மாநிலத்தில் உள்ள யெல்லோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு ரயிலில் கூட்டிப்போவது என்று முடிவானது.

வழியில் பால்டிமோர். மேரிலாந்தில் அப்போதும் அடிமை முறை சட்டப்படி நடப்பில் இருந்தது. ரயில் நேராகப் போகாது. ஒரு நிலையத்தில் இறங்கி ஊரைக் கடந்து இன்னொரு நிலையத்துக்குப் போய் மாற வேண்டும். பல மணி நேரக் காத்திருப்பு. சுற்றிலும் வெள்ளையர் கூட்டம் சேர்கிறது. ராணுவ அனுமதிச் சீட்டு கையில் இருந்தும், டிக்கெட் கொடுக்கிறவர் முதலில் மறுக்கிறார். கிட்டத்தட்ட முப்பது பேரும் அந்த ஒரு வெள்ளைக்காரரைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படியோ ஏறினார்கள், போய்ச் சேர்ந்தார்கள், யெல்லோ ஸ்பிரிங்ஸிலேயே குடியேறினார்கள்.

இதில் கான்வே செய்தது சின்ன வேலை இல்லை. உயிருக்கு ஆபத்தான வேலை. ஆனால் பெரிய முடிவை எடுத்தவர்கள் டன்மோரும் எலைசாவும். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வர இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கும்போதே வீட்டை விட்டு இறங்கியவர்கள் அவர்கள். 'விடுவித்தார்' என்ற ஒரு வினைச்சொல்லில் அவர்கள் இரண்டு பேரையும் அழித்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம். பின்னட்டை வாசகம் எழுதியவர் நூலைப் படித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அதுவும் வழக்கம்தானே.

சரி, 9ஆம் அத்தியாயம். அந்த 'லண்டன் விவகாரம்'.

1863இல் கான்வே இங்கிலாந்து போனார். வடக்கு அமெரிக்காவுக்கு ஆதரவாக ஆங்கிலேயர்களிடம் பேசுவது வேலை. லண்டனில், பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தூதராக ஜேம்ஸ் மேசன் இருந்தார். ஜூன் 10 அன்று அவருக்குக் கான்வே ஒரு கடிதம் எழுதினார்: நீங்கள் அடிமைகளை விடுவித்துவிட்டால், அமெரிக்காவின் அடிமை ஒழிப்பாளர்கள் இந்தப் போரை உடனே எதிர்ப்பார்கள்; அவர்கள் சார்பில் பேச எனக்கு அதிகாரம் உண்டு. இதுதான் சாரம். உண்மையில் அப்படி ஒரு அதிகாரத்தை யாரும் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. மேசன் பழுத்த அரசியல்வாதி. அதிகாரத்துக்கு ஆதாரம் கேட்டார். பதிலையும் வாங்கிக்கொண்டு, எல்லாக் கடிதங்களையும் பத்திரிகையில் போட்டுவிட்டார். சொந்த இயக்கமே கான்வேயைக் கைகழுவியது. எதிரியோடு பேரம் பேசியவர் என்ற பழி வந்தது. அமெரிக்கத் தூதர் சார்ல்ஸ் பிரான்சிஸ் ஆடம்ஸிடம் விளக்கமும் வருத்தமும் தெரிவிக்க வேண்டியதாயிற்று. தாய்நாட்டுக்குத் திரும்புவது கசந்துபோய், 1864இல் லண்டன் சவுத் பிளேஸ் சபையில் போதகராகச் சேர்ந்தார். இடையில் சில ஆண்டுகள் விட்டு, 1897 வரை அங்கேதான். இன்று லண்டனில் ரெட் லயன் சதுக்கத்தில் உள்ள கான்வே ஹால் அவர் பெயரில் நிற்கிறது.

அசட்டுத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். 31 வயது ஆளுக்கு இவ்வளவு வெகுளித்தனம் ஆகாது. ஆனால் அந்தக் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். நாடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் போரை ஆதரிக்கவே இல்லை. அடிமை முறை ஒழிய வேண்டும், அது ஒழிந்தால் ஒரு சிப்பாயும் சாக வேண்டாம், நாடு இரண்டானாலும் போகட்டும். அன்றைக்கு வடக்கில் எத்தனை பேர் இப்படி நினைத்திருப்பார்கள்? அவருடைய கொள்கை முழுசாக வெளிப்பட்டதே இந்தத் தப்பான கடிதத்தில்தான். இதை எடுத்துவிட்டால், கூட்டத்தோடு கூட்டமாகக் கொடி பிடித்த இன்னொருவர்தான் மிச்சம். பேரைக் காப்பாற்றப் போய் ஆளைத் தொலைத்துவிட்டீர்கள்.

நீங்கள் கேட்ட அடையாறு அத்தியாயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1884 ஜனவரியில் உலகப் பயணத்தின் வழியில் கான்வே சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபையில், அதை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். அவர் நிகழ்த்தியதாகச் சொல்லப்பட்ட அற்புதங்கள் எல்லாம் வெறும் மயக்கம், மக்கள் காணாததைக் கண்டதாக நினைக்கிறார்கள் என்று அந்த அம்மையாரே தன்னிடம் ஒத்துக்கொண்டதாகப் பின்னாளில் எழுதினார். சபையார் அதை மறுத்தார்கள். சுவையான விஷயம்தான். மூன்று பத்திக்கு மேல் இழுத்தால் கதைவிடுகிறேன் என்று அர்த்தம்.

பிறருடைய வாழ்க்கையைக் கான்வே எப்படி எழுதினார் என்பதை 12ஆம் அத்தியாயத்தில் சொல்லியிருந்தேன். அதை யாரும் வெட்டவில்லை. படிக்கவும் இல்லையோ என்று சந்தேகம்.

கார்லைல், எமர்சன், ஹாதார்ன், எட்மண்ட் ராண்டால்ஃப் என்று பலரைப் பற்றி எழுதினாலும், அவர் பெயர் நிற்பது 1892இல் இரண்டு தொகுதியாக வந்த பெயின் வரலாற்றால். 1860 ஜனவரி 29 அன்று, பெயினின் பிறந்த நாளில், சின்சினாட்டி சபை மேடையிலேயே அவரைப் புகழ்ந்து பிரசங்கம் செய்தவர் கான்வே. ஆனால் நூலாக எழுத வேண்டும் என்று வந்தபோது புகழ்ச்சியோடு நிற்கவில்லை. பெயினைப் பற்றி அதுவரை உலவிய அவதூறுகளின் வேர் எங்கே என்று தேடினார். 1791இல் ஃபிரான்சிஸ் ஓல்டிஸ் என்ற புனைபெயரில் வந்த வரலாற்றை எழுதியவர், பிரிட்டிஷ் அரசு ஊழியர் ஜார்ஜ் சாமர்ஸ். 1809இல் பெயின் இறந்த கையோடு எழுதியவர் ஜேம்ஸ் சீத்தம், பெயினோடு பகையானவர். நூலில் ஒரு பெண்மணியை அவதூறு செய்ததற்காக வழக்கில் தோற்றவர். பிற்பாடு வந்தவர்கள் எல்லாம் இந்த இரண்டு பேரைப் பார்த்துப் பார்த்து எழுதியவர்கள். தியோடர் ரூஸ்வெல்ட் 1888இல் பெயினை 'அழுக்குக் குட்டி நாத்திகன்' என்று எழுதியதும் அந்த வரிசையில் வந்ததுதான். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்புகிறேன் என்று சொல்லித்தான் பெயின் 'பகுத்தறிவு யுகம்' நூலையே தொடங்குகிறார். அதைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை!

கான்வே பாரிஸிலும் லண்டனிலும் ஆவணக் கட்டுகளைப் புரட்டினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793 டிசம்பர் கடைசியிலிருந்து மறு நவம்பர் வரை பெயின் பாரிஸ் லக்சம்பர்க் சிறையில் கிடந்தபோது, அமெரிக்கத் தூதர் கவர்னர் மோரிஸ் (கவர்னர் என்பது அவர் பெயர், பதவி இல்லை) என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்று கடிதம் கடிதமாகப் பார்த்தார். மோரிஸைக் கொஞ்சம் அதிகமாகவே வில்லனாக்கிவிட்டார் என்று எனக்குப் படும். ஆனால் சான்றைக் கண்முன்னே வைத்துவிட்டுத்தான் வழக்காடுகிறார். நமக்கு மாறுபட வசதி இருக்கிறது.

அவர் சறுக்கிய இடமும் உண்டு. பெயின் எழுத்துகளை நான்கு தொகுதியாகப் பதிப்பித்தபோது, முதல் தொகுதியில் முதல் கட்டுரையாக, 1775இல் பிலடெல்ஃபியா பத்திரிகை ஒன்றில் வந்த அடிமை முறை எதிர்ப்புக் கட்டுரையை வைத்தார். கட்டுரையில் பெயின் பெயர் இல்லை. அது பெயின் எழுதியதே அல்ல என்று இப்போது ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். தன் நாயகன் அமெரிக்க மண்ணில் பேனாவை எடுத்ததுமே அடிமைகளுக்காக எழுதியிருக்க வேண்டும் என்று அந்தப் பழைய அடிமை ஒழிப்பாளர் மனசுக்கு ஆசை இருந்திருக்கும். கான்வே போன்ற ஆளுக்கே ஆசை கண்ணை மறைத்தது. அவர் சான்றுகளைச் சொல்லிவைத்ததால் பின்னால் வந்தவர்கள் அதைச் சரிபார்க்க முடிந்தது. நம் தலைவர் வரலாறுகளில் எதை யார் சரிபார்ப்பது? சொல்லடைவு கிடையாது. மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று கிடையாது. 'ஒருமுறை' என்று தொடங்கும் பத்தி பக்கத்துக்கு இரண்டு. எந்த ஆண்டு, எந்த ஊர், யார் பார்த்தது? எழுத்தாளர் கொடுத்தாலும் பக்கம் கூடுகிறது, காகித விலை ஏறிவிட்டது என்று அடிக்குறிப்புகளைத்தான் முதலில் எடுக்கிறீர்கள். என் நூலில் 41 குறிப்புகள் இருந்தன, மெய்ப்பில் நான்கு.

காகிதம், அச்சுக்கூலி, நூலக ஆணை வராத கஷ்டம் எல்லாம் தெரியும். அதனால் நான் கேட்பது மூன்றே விஷயம். எழுத்தாளரிடம் சொல்லாமல் அத்தியாயத்தை எடுக்காதீர்கள். குறிப்புகளைப் பின்னால் சின்ன எழுத்திலாவது போடுங்கள். பின்னட்டை எழுதுகிறவருக்கு நூலின் ஒரு படியைக் கொடுங்கள்.

கான்வே 1907 நவம்பர் 15 அன்று பாரிஸில் இறந்தார். மனைவி எல்லன் பத்தாண்டுக்கு முன்பே போய்விட்டார். கடைசிக் காலம் வரை பெயினின் எலும்புகளைப் பற்றிய தடயங்களைத் துரத்திக்கொண்டிருந்தார். 1819இல் வில்லியம் காபெட் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர், நியூயார்க் மாநிலத்தின் நியூ ரொஷெல் ஊரில் இருந்த பெயினின் கல்லறையைத் தோண்டி எலும்புகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அங்கே அவை தொலைந்து போயிருந்தன. கான்வே தேடியதில் கைக்கு வந்தது பெயினின் மூளைத் துண்டு என்று சொல்லப்பட்ட ஒரு சிறு பொருள். 1905இல் அது நியூ ரொஷெல் நினைவுத்தூணின் கீழ் வைக்கப்பட்டது.

என் கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிவிட்டேன். முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. 2ஆம் அத்தியாயம் 14 பக்கம், 9ஆம் அத்தியாயம் 11 பக்கம், குறிப்புகள் 6 பக்கம். இந்த 31 பக்கத்தையும் சேர்த்துப் போடுவதாக உங்களில் யாராவது சொன்னால், மறுநாளே கொண்டுவந்து தருகிறேன். அடையாறு மூன்று பத்திதான்.

இப்படிக்கு,
கான்வேயைப் பற்றி எழுதியவன்